அளவை அறிவதில் வெட்கம் எதற்கு?

சகோதரிகளே! உதகை, குன்னூர் கடைவீதிகளில் உள்ளாடை வாங்கும் நம் பெண்கள் பலர், விற்பவர் ஆண் என்பதால் பழைய எண் ஒன்றைத் தாழ்ந்த குரலில் சொல்லி, கிடைத்ததை வாங்கி வந்துவிடுகின்றனர். தோளில் வார் பதிந்து வலிக்கும். கொழுந்து சுமந்து மேடேறும் பெண்ணுக்கோ அவ்வலி இரட்டிப்பாகும்.

நாணம் ஈமானின் ஒரு பகுதியே. ஆயினும் அது அறிவுக்குத் தடையன்று. மார்க்கத்தைக் கற்பதிலிருந்து அன்சாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். தனியறையில் தானே அளந்துகொள்வதைவிட நாணத்துக்கு உகந்த வழி ஏது?

மலைக்குளிருக்கு அணிந்த ஸ்வெட்டரின் மேல் அளந்தால் கணக்குத் தவறும். மெல்லிய பிரா மட்டும் அணிந்து, மார்புக்குக் கீழே இஞ்ச் டேப்பைப் படியச் சுற்றி அளவுங்கள். ஒற்றைப்படை எண் வந்தால் அடுத்த இரட்டைப்படை எண்ணைக் கொள்க. பிறகு மார்பின் எடுப்பான பகுதியைச் சுற்றி, இறுக்காமல் அளவுங்கள். வேறுபாடு 1 அங்குலமானால் கப் ஏ. 2 எனில் பி. 3 எனில் சி. 4 எனில் டி. 32, 34 என வந்தால் உங்கள் அளவு 32பி. நிறுவனத்துக்கேற்ப இது சற்று மாறலாம். பெட்டியிலுள்ள அட்டவணையையும் பாருங்கள். பாரத்தைப் பெரிதும் தாங்குவது தோள்வார் அன்று, கீழ்ப்பட்டையே. அது முதுகில் மேலேறினால் தளர்வு என்று பொருள்.

பருவமெய்திய மகளுக்குத் தூய்மையின் சட்டங்களைக் கற்பிக்கும் தாய்மார்கள் இதையும் கற்பிக்க வேண்டும். உடலும் அல்லாஹ் நமக்களித்த அமானிதமே.