துணையைச் சேரும் பயணமும் துணை விசாவும்

பல்லடம், சூலூர், காங்கயம் வட்டாரங்களில் வெளிநாட்டில் பணியாற்றும் மணமகனுக்கு நடக்கும் திருமணங்கள் ஏறத்தாழ ஒரே அட்டவணைப்படி நடப்பதை நான் கவனித்து வருகிறேன். மூன்று வார விடுப்பு. அதற்குள் உறுதி வார்த்தை, சீர், முகூர்த்தம், மறுவீடு, ஒரு குலதெய்வக் கோயில். பிறகு மணமகன் விமானம் ஏறிவிடுகிறார். மணமகள் இங்கே இருக்கிறார். பல்லடத்தில் இரவு ஒன்பதரை மணி என்றால் கோடைக்காலக் கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணி. ஒருவர் உறங்கப் போகும் நேரத்தில் மற்றவர் அலுவலகத்துக்குப் புறப்படுகிறார். எஞ்சிய இல்லறம் கைப்பேசித் திரையில் நடக்கிறது. சில மாதங்களில், சில நேரங்களில் இரண்டு ஆண்டுகளில், விசா வருகிறது. 'சேர்ந்துவிட்டார்கள்' என்று இரு வீட்டாரும் நிம்மதி அடைகின்றனர்.

அந்த நிம்மதியில் குறை காண்பது என் நோக்கமன்று. பிரிந்திருப்பதன் வலி உண்மையானது. ஆனால், எந்த விசாவில் சேர்கிறார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. மாப்பிள்ளையின் ஊதியத்தை விசாரிக்கிறோம். கூட்டத்தையும் ஜாதகத்தையும் பார்க்கிறோம். அந்த நாட்டில் நம் வீட்டுப் பெண்ணுக்குச் சட்டம் என்ன தகுதி தரும் என்பதை மட்டும் விசாரிப்பதில்லை.

பொருள் தேடிப் பிரிவது தமிழருக்குப் புதிதன்று. கடற்பயணத்தில் பெண்டிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியலே குறிப்பிடுகிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டித் தொழிலுக்குச் சென்ற நகரத்தார், மூன்றாண்டுத் தவணையில் போய்வந்தபோது மனைவியர் பெரும்பாலும் செட்டிநாட்டு வீடுகளிலேயே இருந்தனர். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பல்லடத்தைச் சுற்றியுள்ள விசைத்தறிக் கூடங்களிலும் திருப்பூர் பின்னலாடை ஆலைகளிலும் வேலை செய்யும் பிகார், ஒடிஷா இளைஞர்கள் பலரின் மனைவியரும் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பிரிவைப் பற்றி நம் ஊரில் யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை.

இன்று மாறியிருப்பது, பெண்ணும் படித்திருக்கிறாள் என்பது. கோவையில் பொறியியல் கல்லூரிகளும் மென்பொருள் நிறுவனங்களும் பெருகிய பிறகு, வெளிநாட்டு மாப்பிள்ளையை மணக்கும் பெண்களில் பலர் சொந்தச் சம்பளம் வாங்குபவர்கள். பிரிவு முடிவுக்கு வரும் நாளில் அந்தச் சம்பளமும் முடிவுக்கு வருகிறது. எனக்கு நெருக்கமான ஒரு குடும்பத்துப் பெண் கோவையில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர். அமெரிக்கா சென்று நான்கு ஆண்டுகள் வீட்டிலேயே இருந்தார். கணவர் நல்லவர், சண்டை ஏதுமில்லை. 'காய்கறி வாங்கக்கூடக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கேட்பதில்லை, எனக்குத்தான் சொல்லத் தோன்றுகிறது' என்றார் ஒருமுறை.

அவர் வைத்திருந்தது எச்-4 விசா. எச்-1பி பணி விசா பெற்றவரின் மனைவிக்கோ கணவருக்கோ தரப்படுவது. அதில் தங்கலாம், படிக்கலாம்; வேலை செய்யக் கூடாது. ஒபாமா ஆட்சிக்காலத்தில், 2015 மே 26 முதல் நடைமுறைக்கு வந்த விதி ஒரு பகுதியினருக்கு மட்டும் பணி அனுமதி அளித்தது. அதற்குக் கணவரின் கிரீன் கார்டுக்காக நிறுவனம் தாக்கல் செய்யும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது அந்த நடைமுறையின் பேரில் அவரது எச்-1பி ஆறாண்டு வரம்பைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆக, மனைவி வேலைக்குப் போகலாமா என்பதை முடிவு செய்வது அவளது படிப்பன்று. கணவரின் நிறுவனம் எப்போது மனுப் போடுகிறது என்பதே.

கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் இந்தத் தொல்லைகள் தீரும். ஆனால், வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பு இருப்பதால், இந்தியர்களின் வரிசை பல ஆண்டுகளாக நீண்டு கிடக்கிறது. அதுவரை எல்லாமே கணவரின் வேலையில் தொங்குகிறது. அவர் வேலை இழந்தால், வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்தக் கெடு மனைவிக்கும் சேர்த்துத்தான். மணமுறிவு ஏற்பட்டால் எச்-4 தகுதியே போய்விடும். கொடுமைக்கு ஆளாகும் ஒரு பெண் வாய் திறப்பதற்கு முன் எதையெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

சேர்ந்த பிறகும் பிரிவு திரும்பி வரலாம் என்பதை 2025ஆம் ஆண்டு காட்டியது. செப்டம்பர் 19 அன்று, புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். புதிய மனுக்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்ற விளக்கம் வருவதற்குள், விடுப்பில் ஊர் வந்திருந்தவர்கள் பதறியடித்து விமானம் பிடித்தனர். டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் நடைமுறை விரிவாக்கப்பட்டபோது, இந்தியாவில் நேர்காணல் தேதிகள் பல மாதங்கள் தள்ளிப்போயின. விசா முத்திரைக்காக வந்தவர் இங்கே, குடும்பம் அங்கே என்று மீண்டும் கைப்பேசி இல்லறம்.

மற்ற நாடுகள் ஒரே மாதிரி இல்லை. சிங்கப்பூரில் சார்ந்திருப்போர் அனுமதியில் மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவர் மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் சம்பாதிக்க வேண்டும். 2021 மே முதல் அந்த அனுமதியில் இருப்பவர் வேலைக்குச் செல்லப் பொதுவாகத் தனிப் பணி அனுமதி பெற்றாக வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வரம்பு மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். பிரிட்டன், 2024 மார்ச் முதல் புதிதாக வரும் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைத்து வருவதையே தடுத்துவிட்டது. தன் சொந்தக் குடிமக்களுக்கும் அது இரங்கவில்லை: வெளிநாட்டுத் துணையை அழைத்துக்கொள்ள 18,600 பவுண்டாக இருந்த குறைந்தபட்ச ஆண்டு வருமானம், 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக உயர்ந்தது. கனடாவும் 2025 ஜனவரி முதல் துணைவருக்கான பணி அனுமதியைச் சுருக்கிவிட்டது. ஜெர்மனி நீலஅட்டை பெற்றவரின் மனைவிக்கு, மொழித் தேர்வுச் சான்று கேட்காமலே பணி உரிமையுடன் விசா தருகிறது. சம்பளத்தைவிட இந்த ஒரு வேறுபாடு ஒரு பெண்ணின் வாழ்க்கையை அதிகம் மாற்றக்கூடும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது இயற்கையான உரிமை என்று நாம் நினைக்கிறோம். அரசுகள் அப்படி நினைப்பதில்லை. எல் சால்வடோரைச் சேர்ந்த கணவருக்கு விசா மறுக்கப்பட்டதை எதிர்த்து சாண்ட்ரா முனோஸ் என்ற அமெரிக்கக் குடிமகள் தொடுத்த வழக்கில், வெளிநாட்டவரான துணையை நாட்டுக்குள் அனுமதிக்கக் கோரும் அடிப்படை உரிமை குடிமக்களுக்கு இல்லை என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2024 ஜூன் 21 அன்று தீர்ப்பளித்தது. சொந்தக் குடிமகளுக்கே இந்த நிலை என்றால், தற்காலிகப் பணி விசாவில் இருப்பவரின் மனைவி எந்தப் படியில் நிற்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் வேலை பாக்கி இருக்கிறது. வெளிநாடு வாழ் இந்தியரின் திருமணத்தை 30 நாள்களுக்குள் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கும் மசோதா 2019 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகம் செய்யப்பட்டது, சட்டமாகவில்லை. சட்ட ஆணையம் தனது 287ஆவது அறிக்கையில், இத்தகைய திருமணங்களுக்கு முழுமையான தனிச் சட்டம் வேண்டும் என்றும், கடவுச்சீட்டில் மணநிலையையும் துணைவரின் கடவுச்சீட்டு எண்ணையும் இணைக்க வேண்டும் என்றும் 2024இல் பரிந்துரைத்தது. கடவுச்சீட்டு எண்கள் இணைக்கப்பட்டால், ஏற்கெனவே மணமானதை மறைத்து இன்னொரு திருமணம் செய்வது எளிதாக இராது. தமிழக அரசு ஜனவரி 12ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறது, தனி நல வாரியமும் வைத்திருக்கிறது. துணை விசாவில் புறப்படும் பெண்களுக்கு அவர்கள் செல்லும் நாட்டின் விதிகளை, உதவி எண்களை, வங்கிக் கணக்கு முறையைத் தமிழில் விளக்கும் ஒருநாள் வகுப்பைக் கோவையிலோ திருப்பூரிலோ மாதம் ஒருமுறை நடத்த அந்த வாரியத்துக்குப் பெரும் பணம் தேவைப்படாது.

இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது. பிரிவை முடிக்கப் பயணப்படுவது ஏன் எப்போதும் மனைவியாகவே இருக்கிறார்? பல்லடம் வேலையில்லாத ஊரன்று. விசைத்தறியும் கறிக்கோழியும் இந்த ஊரின் பெயரை மாநிலம் முழுக்கக் கொண்டு சென்றிருக்கின்றன. நாற்பது கிலோமீட்டருக்குள் கோவையின் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. ஆயினும், திரும்பி வரும் கணவனை 'அங்கே என்ன ஆச்சு?' என்றுதான் ஊர் விசாரிக்கிறது. வேலையை விட்டுவிட்டுப் போகும் மனைவியை யாரும் அப்படி விசாரிப்பதில்லை. சம்பள வித்தியாசம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால், அந்தக் கணக்கில் மனைவி இழக்கும் பத்தாண்டு ஊதியமும் வைப்பு நிதியும் பணி மூப்பும் சேர்க்கப்படுகின்றனவா?

நிச்சயத்துக்கு முன் கேட்க வேண்டியவை சிலவே: விசாவின் பெயர் என்ன, அதில் மனைவி வேலை செய்யலாமா, ஐ-140 ஏற்கப்பட்டுள்ளதா, அங்கே கூட்டு வங்கிக் கணக்கு உண்டா, பெண்ணின் கடவுச்சீட்டு அவளிடமே இருக்குமா. அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்கள் எத்தனை சிறப்பாக முடிந்தாலும் தூதரகம் கேட்பது பதிவுச் சான்றிதழைத்தான். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி அதற்கான கெடு 90 நாள். தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாள். மாப்பிள்ளையின் விடுப்போ மூன்று வாரம். பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் நாளையும் முகூர்த்தத்தோடு சேர்த்தே குறித்துக்கொள்வது நல்லது.