பெட்டி மேல் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்!

தீர்த்தமலையிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "என் 2 பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறேன். விஞ்ஞானத்துக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்க ஆசை. கடையில் '1200 மடங்கு' என்று பெட்டியில் போட்ட பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்கள். மலிவுதான். வாங்கலாமா?"

வேண்டாம் சகோதரி! பாலில் தண்ணீர் விட்டால் அளவு கூடும், ருசி கூடுமா? அது போலத்தான் இதுவும். மட்டமான லென்ஸில் உருவம் பெரிதாகும், தெளிவாகாது. 1000 மடங்கு பார்க்க, எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் தனி லென்ஸ் வேண்டும். குழந்தை 2 நாள் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலேம்மா" என்று மூலையில் போட்டுவிடும். போன பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். குழந்தையின் ஆர்வம் போனால் திரும்ப வருமா?

சின்னப் பிள்ளைகளுக்கு: 10 மடங்கு காட்டும் கை லென்ஸ் போதும். அரிசி வண்டு, எறும்பின் கால், உப்புக்கல் எல்லாம் அதிசயமாகத் தெரியும்.

கொஞ்சம் பெரியவர்களுக்கு: ஃபோல்ட்ஸ்கோப். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கி, 2014-ல் உலகுக்கு அறிவித்த காகித மைக்ராஸ்கோப் இது. பிள்ளைகளே மடித்துச் செய்யலாம். சுமார் 140 மடங்கு காட்டும். விலை சில நூறு ரூபாய்தான். ஒரே லென்ஸ்தானே என்று எண்ணாதீர்கள். ஹாலந்து தேசத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக், 1670-களில் ஒற்றை லென்ஸை வைத்துக்கொண்டுதான் தண்ணீரில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். அவர் கல்லூரிப் பக்கமே போனதில்லை!

10 வயதுக்கு மேல், ஆர்வம் நிலைத்த பிறகு: மாணவர்களுக்கான உலோக மைக்ராஸ்கோப். சில ஆயிரம் ஆகும். 2, 3 குடும்பமாகச் சேர்ந்து வாங்கினால் பாரம் குறையும். வாங்கும்போது கவனியுங்கள்:

* கண் வைக்கும் லென்ஸ் 10, கீழ் லென்ஸ்கள் 4, 10, 40 என்று இருக்கட்டும். இரண்டையும் பெருக்கினால் 40, 100, 400 மடங்கு. பிள்ளைகளுக்கு இது தாராளம்.
* லென்ஸ் கண்ணாடியாக இருக்க வேண்டும். தனியே கழற்றி மாற்ற வர வேண்டும்.
* திருகைத் திருப்பிவிட்டுக் கையை எடுங்கள். உருவம் தானாக நழுவினால் வேண்டாம்.
* பழையது வாங்கினால் லென்ஸை வெளிச்சத்தில் பிடியுங்கள். வலை போல் பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.
* மின்வெட்டு உள்ள ஊரானால் பேட்டரி விளக்கு நல்லது. கண்ணாடி வைத்த மாடலை நேர் வெயிலுக்குத் திருப்பவே கூடாது, கண் கெட்டுவிடும். ஜாக்கிரதை!

கடைக்குப் போகும்போது கையோடு ஒரு வெங்காயம் கொண்டுபோங்கள். உள் தோலை மெல்லிசாக உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, 100 மடங்கில் பாருங்கள். செங்கல் சுவர் போல் செல்கள் வரிசையாகத் தெரிந்தால் தைரியமாகப் பணத்தைக் கொடுக்கலாம். வீட்டில் அதிலேயே ஒரு சொட்டு டிங்க்சர் அயோடின் விட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

பிறகு உங்கள் ஊர்க் குட்டையில் மிதக்கும் பச்சைப் பாசியில் ஓர் இழை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில இழைகளுக்குள்ளே சுருள் சுருளாகப் பச்சை ரிப்பன் தெரியும். பார்த்ததை நோட்டில் வரையச் சொல்லுங்கள். குட்டைத் தண்ணீரைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு!