ஆபரேஷன் முடிந்தது, வைத்தியம் முடிந்ததா?

கர்ப்பப்பை இறக்கம் என்பது நம் பெண்மக்களில் பலர் வருஷக்கணக்காய் வாய்திறவாமல் அனுபவித்து வரும் வியாதியாகும். "அடி இறங்கிவிட்டது" என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் காதோடு காதாய்ச் சொல்லுவாளே தவிர, புருஷனிடம்கூடச் சொல்லமாட்டாள். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் வேதனை. இந்த வெட்கத்தைப் பெண்களுக்குக் கற்பித்தவர்கள் அந்த வேதனையில் ஒரு வீசமாவது பங்கு எடுத்துக்கொண்டார்களா என்று கேட்கிறோம்.

இது தலைவிதியுமல்ல, தெய்வ குற்றமுமல்ல. இடுப்புக்குள் கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் தாங்கி நிற்கும் தசையும் நாரும் பிரசவத்தில் இழுபட்டுத் தளர்ந்து போகின்றன. அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவதும், பெற்ற உடம்பு தேறுமுன் பளு தூக்குவதும், தீராத இருமலும் மலச்சிக்கலும் அதை அதிகப்படுத்துகின்றன. செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமப் பெண்களைப்பற்றி ரூவ்செக் என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 1999-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இவ்வியாதியோடேயே பெண்கள் கூலிவேலையும் வீட்டுவேலையும் செய்து காலந்தள்ளுவதை எடுத்துக்காட்டிற்று.

ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால் தசைப் பயிற்சியும், உள்ளே பொருத்தும் வளையமும் பலருக்குப் போதும். முற்றிவிட்டால் ஆபரேஷன். அதனால் பெரும்பாலோருக்குச் சுகம் கிடைக்கிறது. ஆனால் திரும்ப வருவதும் உண்டு. இறக்கத்திற்கோ மூத்திரக் கசிவுக்கோ ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களைப்பற்றி 1997-ல் அமெரிக்காவில் வெளியான கணக்கில், 100-க்கு 29 பேர் முன்பே ஒருமுறை செய்துகொண்டவர்கள். ஆகவே கத்தி வைத்ததோடு காரியம் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு.

ஆபரேஷனுக்குப் பிறகு 6 வாரம் முதல் 3 மாதம் வரை பளு தூக்கக்கூடாது என்று டாக்டர்கள் பொதுவாய்ச் சொல்லுகிறார்கள். படுத்தே கிடக்கவேண்டும் என்பதல்ல. நடக்கலாம், சில்லறை வேலை செய்யலாம். இஷ்டப்படி நடமாட விட்டாலும் கெடுதலில்லை என்று 2023-ல் அமெரிக்கச் சோதனை ஒன்று கண்டிருக்கிறது. ஆனால் சொந்த இஷ்டப்படி நடமாடுவது வேறு. கூலிக்காகத் தலையில் உப்புக்கூடை சுமப்பது வேறு.

நிற்க, நமது தூத்துக்குடிக் கரைக்கு வருவோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குக் காசு வேண்டியதில்லை. அப்படியிருந்தும் உப்பளத்துப் பெண் ஏன் தள்ளிப்போடுகிறாள்? படுத்தால் கூலி போகும், அடுப்பு அணையும் என்பதால்தான். பஞ்சாங்கத்தில் நாள் பார்க்கும் நாம், இந்தக் காரியத்திற்கு நாள் பார்த்தோமா? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் உப்பளத்தில் வேலையில்லை. அந்த மாதங்களுக்காகத் தொழிலாளிக்கு ரூ.5,000 உதவித்தொகை தருவதாக அரசாங்கம் 2021-ல் அறிவித்தது. அவசரமில்லாத ஆபரேஷனை மழைக்காலத் துவக்கத்தில் வைத்துக்கொண்டால், உப்பு வாரும் காலம் வருமுன் புண் ஆறிவிடும். மீன் விற்கும் பெண்களுக்கோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாள் இருக்கிறது. அப்போது வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளை குடந்தூக்கினால் மீசை உதிர்ந்துவிடாது!

உப்பள முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வரும் பெண்ணுக்குச் சிறிது காலம் கூடையைக் கொடுக்காமல், பாக்கெட் போடும் வேலையையோ சாக்குத் தைக்கும் வேலையையோ அதே கூலிக்குக் கொடுங்கள். இது தர்மமல்ல, உங்கள் உப்பைச் சுமந்த உடம்புக்கு நீங்கள் பட்ட கடன்.

நேபாள நாட்டு உச்ச நீதிமன்றம் 2008-ல் இவ்வியாதியைப் பெண்களின் உரிமைப் பிரச்சினை என்றே தீர்ப்புச் சொல்லிற்று. நமக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவேண்டிய அவசியமில்லை. தோழர்களே! உங்கள் வீட்டில் தாயோ, தாரமோ, தமக்கையோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், என்னவென்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும் 3 மாதத்துக்கு அவள் கைக்குடத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் செய்யவேண்டியது ஒருமணி நேர வேலை. மீதி வைத்தியம் நம்முடையதே என்பது நமது அபிப்பிராயம்.