மஞ்சள் வீழ்படிவு ஞாபகம் இருக்கா?

பிளஸ் டூ சால்ட் அனாலிசிஸ்ல பொட்டாசியம் குரோமேட் ரெண்டு சொட்டு விட்டதும் பளிச்சுன்னு ஒரு மஞ்சள் வீழ்படிவு வந்திருக்கும். "காரீயம் இருப்பது உறுதி"ன்னு ரெக்கார்டுல எழுதிட்டு, டெஸ்ட் டியூபை அலசி வச்சிட்டு வந்திருப்பீங்க. அந்த மஞ்சளுக்குப் பேர் லெட் குரோமேட். அதுவே பாறைக்குள்ள தானா படிகமா வளர்ந்தா அதுக்குப் பேர் குரோகோயிட்.

லேப்ல அஞ்சு நொடியில கிடைக்கிற இது, இயற்கையில ரொம்ப அபூர்வம். காரணம் எளிமையானது. காரீயம் பொதுவா கலீனா என்கிற சல்ஃபைடு தாதுவா இருக்கும். குரோமியம் இருக்கிறது குரோமைட்ல, அதுவும் வேற வகைப் பாறைகள்ல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல அமையணும். நிலத்தடி நீரும் ஆக்சிஜனும் இறங்கி கலீனாவை அரிக்கணும், குரோமியமும் ஆக்சிஜனேற்றம் அடையணும். இதெல்லாம் கூடி வந்த இடங்கள் உலகத்துல கொஞ்சம்தான். அதுல பேர் பெற்றது டாஸ்மேனியாவின் டண்டாஸ் பகுதி. அங்க கிடைக்கிற செம்மஞ்சள் ஊசிப் படிகங்களைப் பார்த்தா கண்ணாடி வேலைன்னு நினைப்பீங்க. ஆனா கையில எடுத்தா கனம், தண்ணியைவிட ஆறு மடங்கு அடர்த்தி. கடினம் மோஸ் அளவுல 3-க்குள்ளதான், கத்தி பட்டாலே கீறல் விழும். வெயில்ல ரொம்ப நாள் வச்சா பளபளப்பும் போயிடும்.

ரஷ்யாவின் யூரல் மலைச் சுரங்கத்துல இருந்து போன இந்தக் கல்லை ஆராய்ஞ்சுதான் 1797-ல் வோக்லான் குரோமியத்தையே கண்டுபிடிச்சார். நம்ம ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோட கதையும் அங்கதான் ஆரம்பம். கல்லோட பேரு கிரேக்க மொழியில குங்குமப்பூவைக் குறிக்கிற சொல்லில் இருந்து வந்தது. மசாலாப் பொருளோட பேர் வச்ச கல், கடைசியில மசாலாவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்ததுதான் கொடுமை.

பெயின்ட்டுக்காகத் தொழிற்சாலையில செய்யற லெட் குரோமேட் விலை மலிவு, நிறம் கண்ணைப் பறிக்கும். வங்கதேசத்துல 1980-கள்ல வெள்ளத்துல நனைஞ்சு மங்கிப்போன மஞ்சளுக்கு மெருகேத்த இதைப் பூச ஆரம்பிச்சாங்க. பிறகு அதுவே வழக்கமாயிடுச்சு. கர்ப்பிணிப் பெண்களோட ரத்தத்துல இருந்த காரீயத்தின் ஐசோடோப் விகிதத்தை வச்சு, அது மஞ்சள்ல இருந்து வந்ததுதான்னு ஆய்வாளர்கள் காட்டினாங்க. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. முதல் அடி குழந்தைகளோட மூளைக்குத்தான்.

"அது வேற நாடு"ன்னு சொல்லாதீங்க. 2024-ல் வெளியான தெற்காசிய ஆய்வுல பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகள்ல கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல காரீயம் இருந்தது. இந்தியாவுல மஞ்சளுக்கு அனுமதி 10.

"இதெல்லாம் உணவுப் பாதுகாப்புத் துறை வேலை, நமக்கென்ன?"ன்னு கேட்கலாம். ஆனா டாக்காவுல நடந்ததைப் பாருங்க. கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். கருவியை மொத்த மார்க்கெட்டுக்கே எடுத்துட்டுப் போய், அங்கேயே சோதிச்சு, அங்கேயே அபராதம் போட்டாங்க. 2019-ல் 47 சதவீத மாதிரிகள்ல இருந்த கலப்படம் 2021-ல் பூஜ்யம்!

அதே வகைக் கருவி எத்தனையோ கல்லூரி மெட்டீரியல்ஸ் லேப்கள்ல இருக்கு. அதுல பெரும்பாலும் வெல்டிங் சாம்பிளைத்தான் பார்க்கிறோம். என்னைக் கேட்டா, ஃபைனல் இயர்ல இன்னொரு லைன் ஃபாலோயர் ரோபோ செய்யறதைவிட இது உருப்படியான புராஜெக்ட். லாஜிக்கும் அழகானது. காரீயம் மட்டும் தெரிஞ்சா மண்ணுல இருந்து வந்திருக்கலாம். கூடவே குரோமியமும் எடையில நாலுக்கு ஒண்ணு கணக்குல வந்தா, பூசின கை மாட்டிக்கும். பத்து மைக்ரோகிராம் எல்லையை ஒட்டி வர்ற மாதிரிகளுக்கு இந்தக் கருவி போதாது, ஐ.சி.பி.-எம்.எஸ்.-க்கு அனுப்பணும். நூற்றுக்கணக்குல இருக்கிறதைப் பிடிக்க இதுவே தாராளம்.

உங்க ஹாஸ்டல் மெஸ் மஞ்சள்தூளில் இருந்தே ஆரம்பிக்கலாம். அடுத்து ஊர் சந்தை, அப்புறம் ஈரோட்டு விரலி மஞ்சள். சுத்தமா இருந்தா, அந்த ரிசல்ட்டையும் அதே எழுத்து அளவுல நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுங்க.