பிறர் தந்த பொட்டலமும் நம் அமானிதமும்

 

ஒருவர் உம்ராவுக்கோ வளைகுடாவுக்கோ புறப்படுகிறார் என்ற செய்தி ஊரில் பரவியதும் அவர் வீட்டுக்கு இரண்டு வகையினர் வருகிறார்கள். துஆச் செய்யும்படி கேட்டு, ஸலாம் சொல்லிச் செல்வோர் ஒரு வகையினர். "அங்கே நம்ம பிள்ளைகிட்ட இதைக் கொடுத்துடுங்க" என்று தைத்து ஒட்டிய பொட்டலத்தோடு வருவோர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையினரைப் பற்றியும், முகதாட்சண்யத்தால் அதை வாங்கிப் பெட்டியில் வைப்போரைப் பற்றியும்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

நேரடியாகவே சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பது என்னவென்று பார்க்காமல் பொட்டலத்தை வாங்குவதும், பார்க்க விடாமல் கொடுப்பதும் அமானிதத்துக்கு மாறானவை. உறவின் பெயரால் நடக்கிறது என்பதால் மட்டும் அது நற்செயலாகிவிடாது.

நமக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நாம் உம்ராவுக்குப் புறப்பட இருந்த இரவு, இஷாவுக்குப் பிறகு, நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தாயார் வந்தார். மகன் ஜித்தாவில் வேலை செய்கிறார். துணியில் சுற்றித் தைத்த பொட்டலம். மூன்று கிலோவுக்குக் குறையாது. "ஒண்ணுமில்ல ஹஜ்ரத், கொஞ்சம் மசாலாத்தூளும் ஊறுகாயும்தான்" என்றார். அவர் முன்னிலையிலேயே தையலைப் பிரித்தோம். அவர் சொன்னவை இருந்தன. கூடவே குருமாவுக்கென்று கால் கிலோ கசகசாவும், மகனின் முதுகுவலிக்கென்று இரண்டு அட்டை மாத்திரையும் இருந்தன. மாத்திரையின் பின்புறம் எழுதியிருந்த பெயர் டிரமடால்.

கசகசா சவூதி அரேபியாவில் தடை செய்யப்பட்ட பொருள். ஹஜ் பயணிகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் அறிவுரைகளிலேயே இது இடம்பெறுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் இதே தடை உண்டு. நம் சமையலறையில் தேங்காயோடு அரைபடும் அந்த வெள்ளை விதை, அபின் செடியின் விதை என்பதே காரணம். டிரமடால் அந்நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவரின் சீட்டும் உரிய அனுமதியும் இன்றி அதைக் கொண்டு இறங்கினால் கைதும் வழக்கும் நேரலாம். கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும், தூக்கத்துக்காகச் சிலர் உட்கொள்ளும் அல்பிரசோலத்துக்கும் இதே நிலைதான்.

அந்தத் தாயாரிடம் கடுகளவும் கெட்ட எண்ணம் இல்லை. மகனின் மீதுள்ள பாசத்தைத்தான் அவர் கட்டிக்கொண்டு வந்தார். ஆயினும் நாம் அதை அப்படியே வாங்கிச் சென்றிருந்தால் ஜித்தா விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லர். இஹ்ராம் துணியோடு நின்றிருக்கும் நாம்.

கசகசாவையும் மாத்திரையையும் எடுத்துவிட்டு மற்றவற்றைக் கொண்டு செல்கிறோம் என்றோம். அவர் மனம் நொந்து பொட்டலத்தோடு திரும்பிவிட்டார். "பெத்த தாயைக் கடத்தல்காரியாக்கிட்டாரே ஹஜ்ரத்" என்ற பேச்சு நாம் திரும்பி வரும் வரை தெருவில் ஓயவில்லை. பிறகு மகனே தொலைபேசியில் விளக்கிச் சொல்ல, அடுத்த முறை வேறொருவரிடம் அவர் கொடுத்தனுப்பியபோது டப்பாக்களைத் திறந்தபடியே கொண்டு சென்றாராம். அல்ஹம்துலில்லாஹ்.

பெட்டி யாருடையதோ குற்றம் அவருடையது

2019ஆம் ஆண்டு ஜூலையில் மும்பையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர் கத்தாருக்குச் சென்றனர். பயண ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவர் கணவரின் நெருங்கிய உறவினரான ஒரு பெண்மணி. அங்கே ஒருவரிடம் சேர்க்கச் சொல்லி, புகையிலை என்று கூறி, அவர் ஒரு பொட்டலத்தையும் கொடுத்திருந்தார். தோஹா விமான நிலையத்தில் அதைப் பிரித்தபோது சுமார் 4 கிலோ ஹஷீஷ் இருந்தது. இருவருக்கும் பத்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கருவுற்றிருந்த மனைவி சிறைக்காவலில் இருந்தபோதே குழந்தையைப் பெற்றார். ஊரில் குடும்பத்தார் ஓடியாடி, இந்தியப் புலனாய்வுத் துறையும் உண்மையைக் கண்டறிந்த பிறகு, 2021இல்தான் அவர்கள் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! கொடுத்தவர் அந்நியர் அல்லர், சொந்தக்காரர் என்பதைக் கவனியுங்கள்.

அவர்களுக்காவது விடுதலை கிடைத்தது. சவூதியில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில், போதைப்பொருள் இருக்கும் பை எவர் வசம் உள்ளதோ அவரே அதை அறிந்து வைத்திருந்தார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. அறியவில்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. "அது என் சாச்சி கொடுத்தது" என்ற சொல் அங்கே எவ்வளவு தூரம் எடுபடும்?

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அனைவரும் ஓதுகிறோம். சகோதரர்கள் அறியாதபடி மூட்டைக்குள் வைக்கப்பட்ட அரசரின் அளவுக் கோப்பை வெளியே எடுக்கப்பட்டது எவருடைய மூட்டையிலிருந்தோ, அவரே பிடித்து வைக்கப்பட்டார். அவ்வரலாற்றில் அல்லாஹ் நாடிய ஓர் ஏற்பாடு இருந்தது. நம் பெட்டிக்கு அத்தகைய உத்தரவாதம் ஏதும் இல்லை.

சொல்லப்படும் சாக்குகள்

"சொந்தக்காரரைச் சந்தேகிப்பது பாவமல்லவா?" என்று கேட்கிறார்கள். தீய எண்ணம் கொள்வதைக் குர்ஆன் தடுத்திருப்பது உண்மை. அதே குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? நம்பிக்கையாளர்களுக்கிடையே நடக்கும் கடனை எழுதி, சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதைப் பற்றியது. எழுதச் சொன்னது சந்தேகத்தாலா? பின்னர் சந்தேகம் எழாமல் இருப்பதற்காகவே. பொட்டலத்தைத் திறந்து பார்ப்பதும் அத்தகையதே.

"ஒரு முஸ்லிமுக்கு உதவுவது நன்மையல்லவா?" என்பது அடுத்த கேள்வி. நன்மைதான். ஆனால் அமானிதப் பொருளைப் பற்றி நம் ஃபிக்ஹ் நூல்கள் கூறுவதைப் பாருங்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி, காக்கும் ஆற்றலும் தன் நேர்மையில் உறுதியும் உள்ளவர் அதை ஏற்பது விரும்பத்தக்கது. தன்மீதே உறுதியில்லாதவர் ஏற்பது வெறுக்கத்தக்கது. காக்க இயலாதவர் ஏற்பது ஹராம். என்னவென்றே அறியாத பொருளை, சட்டம் அறியாத நாட்டு எல்லையைத் தாண்டி, ஒருவர் எவ்வாறு காப்பார்?

"தவக்குல் வைத்துப் போக வேண்டியதுதானே!" என்போரும் உண்டு. கட்டுச்சோறு எடுக்காமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, "நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்" என்று சொல்லிக்கொண்டு, மக்காவில் பிறரிடம் கையேந்திய யமன் வாசிகளைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். பயணத்துக்கு வேண்டியதைத் தயார் செய்துகொள்ளுமாறு குர்ஆன் பணித்தது அந்தச் சூழலில்தான்.

இவை அனைத்தையும்விட நம்மை வருத்துவது வேறொன்று. பல விமான நிலையங்களில், "பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா? பிறர் கொடுத்த பொருள் ஏதும் உண்டா?" என்று கேட்கிறார்கள். நான்கு வீட்டுப் பொட்டலங்களைச் சுமந்து நிற்கும் நம் உம்ராப் பயணி என்ன பதில் சொல்கிறார்? "எல்லாம் என்னுடையது" என்கிறார். அல்லாஹ்வின் வீட்டுக்குச் செல்லும் பயணத்தின் முதல் சொல்லே பொய்யாகிறது. அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்து அனுப்பியவர்களுக்கு அதில் பங்கில்லையா?

திரும்பும் வழியில் தங்கம்

திரும்பும்போது இன்னொரு சோதனை. "இந்தச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கிட்டுப் போங்க, ஊர்ல ஆள் வந்து வாங்கிக்கும்" என்பார் ஒருவர். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியிருந்து திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகையே தீர்வையின்றி அனுமதி. பதினைந்து நாள் உம்ரா சென்றவருக்கு அது பொருந்தாது. பிறர் தங்கத்தைச் சுமப்பவருக்குத் தமிழில் 'குருவி' என்றே பெயர் வழங்குகிறது. ஹாஜியார் என்ற பெயரோடு போய்வந்தவர், குருவி என்ற பெயரோடு சுங்கத்துறையினர் முன் நிற்கலாமா?

நபிவழியில் ஒரு பயண ஏற்பாடு

ஹிஜ்ரத்தைவிட ஆபத்தான பயணம் எது? அதற்கும் திட்டம் இருந்தது. அபூபக்ர் (ரலி) முன்கூட்டியே இரண்டு ஒட்டகங்களைத் தீனி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். வழியறிந்த ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையைக் கிழித்து உணவு மூட்டையைக் கட்டினார்கள். உயிருக்கே உலை வைக்கப்பட்ட அந்த இரவிலும் நபி (ஸல்) அவர்கள், தம்மிடம் மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவரிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். பிறர் பொருளை ஒப்படைக்க ஏற்பாடு செய்துவிட்டு அவர்கள் புறப்பட்டார்கள். நாமோ பிறர் பொருளை வாரிச் சுமந்துகொண்டு புறப்படுகிறோம்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் வலியுறுத்துவது இவைதாம்:

• பொருளைத் திறந்த நிலையில் கொடுங்கள். வாங்குபவர் கண்முன் கட்டுங்கள்.
• என்ன பொருள், எவ்வளவு எடை, யாரிடம் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.
• மாத்திரை, மருந்து, எண்ணெய், பெயர் தெரியாத பொடி ஆகியவற்றைப் பிறரிடம் கொடுக்கவே வேண்டாம். பயணி தம் சொந்த மருந்தைக்கூட மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல், அந்நாட்டு விதியை விசாரித்த பின்னரே எடுக்கட்டும்.
• புறப்படும் இரவில் கொண்டுவந்து நீட்டாதீர்கள். பயணி தம் கடன்களைத் தீர்க்கவும், வஸிய்யத் எழுதவும், மனாஸிக்கைப் படிக்கவும் வேண்டிய நேரம் அது.
• அவர் மறுத்தால் ஸலாம் சொல்லித் திரும்புங்கள். அதைப் பகையாக்காதீர்கள். பொருளை அனுப்பக் கூரியர் இருக்கிறது.

ஜமாஅத் பெரியவர்களும் இமாம்களும் உம்ரா வழியனுப்பு நிகழ்ச்சிகளில் சால்வை போர்த்துவதோடு இதையும் எடுத்துச் சொல்ல வேண்டும். மறுத்தவர் ஆணவக்காரர், வாங்கியவர் நல்லவர் என்ற அளவுகோலை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டிலிருந்தே மாற்ற வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை நன்மையானவையாக ஆக்குவானாக! அமானிதத்தைப் பேணி நடக்க நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.