மானியமன்று, கடன்!

"அரசாங்கப் பணம்தானே, கட்டாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?" சிறுகடன் பற்றிய பேச்செழும் போதெல்லாம் நம்மவரிடையே இவ்வாசகம் தவறாமல் ஒலிக்கிறது. டத்தோ கிராமாட் வட்டாரப் பெற்றோர்களும் ஆசிரிய நண்பர்களும் சினம் கொண்டாலும் கூறுவேன்: நம் பெண்களை வட்டி முதலைகளிடம் தள்ளுவது இவ்வாசகமே.

வங்காளதேச கிராமின் வங்கி முறையை 1986இல் சிலாங்கூரில் சோதித்தவர்கள், நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிப்பன்ஸும் சுக்கோர் காசிமும் ஆவர். அம்முயற்சியிலிருந்து 1987இல் அமானா இக்தியார் பிறந்தது. சொத்துப் பிணை கிடையாது. குழுவும் வாரக் கூட்டமும் சிறு தவணையுமே பிணை.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அலுவலர் 300 பேரைக் கவனிக்கிறார். ஒவ்வொருவருக்கும் சராசரி நிலுவை 2,000 ரிங்கிட் என்க. மொத்தம் 6 இலட்சம். ஆண்டுக் கட்டணம் நூற்றுக்குப் பத்தெனில் வரவு 60,000. ஊதியம், வாடகை, பயணம் ஆகியவற்றுக்கு 45,000 போகும். கடன் முதலை அரசாங்கம் வட்டியின்றித் தந்ததாகவே வைத்துக்கொள்வோம். வாராக்கடன் நூற்றுக்கு ஒன்றெனில் 6,000 இழப்பு, 9,000 மிஞ்சும். நூற்றுக்குப் பத்தானால் இழப்பு 60,000! வரவு முழுவதும் அங்கேயே தீர்ந்தது. ஊதியத்திற்கு முதலில் கைவைக்க வேண்டும். அடுத்து விண்ணப்பிக்கும் பெண்ணுக்குக் கொடுக்கப் பணமிராது. ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் விளங்கும் கணக்கு இது.

வட்டியை உயர்த்தட்டுமே என்பார் சிலர். 2010இல் ஆந்திரத்தில் நடந்ததை அவர்கள் படிக்க வேண்டும். எஸ்.கே.எஸ். நிறுவனம் ஆகஸ்டில் பங்குச்சந்தையில் நுழைந்தது. ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் கடன்மேல் கடன் கொடுத்தன. வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நிகழ்ந்ததாகச் செய்திகள் வந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதன்பின் தவணை கட்டுவது ஏறக்குறைய நின்றே போயிற்று.

2024இல் இந்தியப் பெண்களுக்கென அமானா இக்தியார் வழி 5 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. கைதட்டிய தலைவர்களுள் எத்தனை பேர் வாரக் கூட்டத்தைப் பற்றி வாய் திறந்தனர்?

பள்ளி தொடங்கும் வேளையில் தொழிற்கடனில் சீருடை வாங்கும் தாயை நான் பழிக்கமாட்டேன். ஆயினும் சீருடை தவணைப் பணத்தை ஈட்டித் தராதே! அதற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தனி உதவிநிதி வைக்கட்டும். மாதிரிக் காசோலையோடு படமெடுக்க வரும் தலைவர்கள், சென்ற ஆண்டுக் கடனில் எவ்வளவு திரும்பியது என்பதையும் அதே மேடையில் அறிவிக்கட்டும். அறிவிக்காவிடில், பெற்றோர்களே, எழுந்து நின்று கேளுங்கள்.