மணிக்கட்டுக் கட்டியும் மார்க்கம் தந்த சலுகையும்

ஸுஜூதில் நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்கள் ஆகிய ஏழு உறுப்புகளும் நிலத்தில் படிய வேண்டும் என்பது நாம் அறிந்ததே. கடமையான தொழுகைகளில் மட்டும் நாளொன்றுக்கு 34 ஸுஜூதுகள். மணிக்கட்டில் கட்டி உள்ளவருக்கு இவற்றுள் ஒவ்வொன்றும் வேதனையாகிவிடக் கூடும். கையைப் பின்புறமாக மடக்கி ஊன்றும்போதுதான் அந்த இடம் மிகுதியாக அழுந்துகிறது.

மருத்துவர்கள் இதனைக் கேங்க்லியான் என்பர். மூட்டின் உறையிலிருந்தோ தசைநாணின் உறையிலிருந்தோ கிளம்பும், கூழ் போன்ற திரவம் நிறைந்த பை இது. 20 முதல் 40 வயது வரை உள்ளவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகம் காணப்படுகிறது. இது புற்றுநோய் அன்று, தொற்றுவதும் இல்லை. பல கட்டிகள் நாளடைவில் தாமாகவே மறைந்துவிடுகின்றன. ஊசியால் திரவத்தை எடுத்தாலும், அறுவை செய்து அகற்றினாலும் மீண்டும் வரக்கூடும். ஊசி முறையில் அந்த வாய்ப்பு அதிகம்.

கனத்த புத்தகத்தால் ஓங்கி அடித்து இதனை உடைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் முன்பு இருந்தது. நம் வீடுகளிலும் அழுத்தி நசுக்கச் சொல்வோர் உண்டு. அது எலும்புக்கும் தசைநாணுக்கும் ஊறு செய்யும். கட்டியும் திரும்ப வரும். நோய்க்கு மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்க, உடலுக்குத் தீங்கிழைப்பதை மருத்துவம் என்று எவ்வாறு கொள்வது?

மற்றொரு தீங்கு நம் நாவினால் விளைகிறது. கையைச் சரியாக ஊன்றாதவரையும், நாற்காலியில் அமர்ந்து தொழுபவரையும் பள்ளிவாசலில் காரணம் கேளாமலே கடிந்துகொள்கிறோம். மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழுமாறும் நபியவர்கள் கூறினார்கள். சலுகை வழங்கியது மார்க்கம். அதைப் பறிக்க நாம் யார்?

ஆகவே, கட்டி உள்ளவர்கள் அதனை மறைத்து வேதனையைச் சுமக்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள், மரமரப்போ, பிடிமானக் குறைவோ, விரைவான வளர்ச்சியோ தோன்றினால் தாமதம் கூடாது. எவ்வளவு ஊன்றலாம், மணிக்கட்டுப் பட்டையுடன் உளூ எவ்வாறு செய்யலாம் என்பவற்றை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியுங்கள். ஏனையோர், அருகில் தொழுபவரின் கையைப் பார்த்துத் தீர்ப்பளிக்குமுன் அவரது நலனை விசாரிப்போம். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று அல்லவா?